முத்திரை இருக்கிறது; பார்ப்பவர் எங்கே?

போன மாதம் எங்கள் வீட்டுக்குச் சமையல் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டு வந்த பையனுக்கு அவசரம். வாசலில் டங்கென்று இறக்கினான், ரசீதை நீட்டினான். நானும் பேனாவை எடுத்துவிட்டேன்.

"இரு, இரு! கையெழுத்துப் போடாதே!" என்று உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள்.

அத்தைக்கு எழுபது வயது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். சிலிண்டரின் தலையில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டாள். அவ்வளவுதான், அது தொளதொளவென்று கழன்று கையோடு வந்துவிட்டது!

"என்னப்பா இது?"

"சீல் எல்லாம் அப்படித்தாம்மா வரும். வண்டியில உரசியிருக்கும்."

அத்தை மசியவில்லை. பையன் முணுமுணுத்துக்கொண்டே வேறு சிலிண்டர் எடுத்து வரப் போனான்.

நான் மட்டும் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பேன். இத்தனைக்கும் கல்லூரிப் படிப்புப் படித்தவன்; ஊருக்கு உபதேசம் செய்து எழுதுகிறவன்! நேயர்களே, உங்களில் எத்தனை பேர் என் கட்சி?

பூட்டு வேறு, சீல் வேறு

சீல் என்பது பூட்டு அல்ல. பூட்டு திருடனைத் தடுக்கும். சீல் யாரையும் தடுக்காது. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்த குழந்தைகூட அதை அறுத்துவிடும். "யாரோ இதைத் திறந்திருக்கிறார்கள்" என்று சொல்வது ஒன்றே அதன் வேலை. அது ஒரு சாட்சி. சாட்சியைக் கூப்பிட்டு விசாரிக்க ஆள் வேண்டாமா?

சரக்கு மூட்டைகளிலும் பணப் பைகளிலும் மாட்டும் பிளாஸ்டிக் சீலைக் கவனித்திருப்பீர்கள். வால் போல ஒரு நாடா; தலையில் ஒரு துளை. வாலைத் துளையில் விட்டு இழுத்தால் இறுகும். உள்ளே உள்ள பல் அதைத் திரும்பி வர விடாது. கழற்ற வேண்டுமானால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் குப்பைத் தொட்டிதான். ஒரே தடவை வாழ்வு. மலிவான பொருள்தான். ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதன் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது.

துறைமுகத்தில் கன்டெய்னர் பெட்டிக்குப் போடும் சீல் இதைவிடக் கெட்டி, எஃகினால் ஆனது. 2008ஆம் ஆண்டிலிருந்து, இத்தகைய உயர்ரக சீல் இல்லாத சரக்குப் பெட்டியை அமெரிக்கா தன் நாட்டுக்குள் வர அனுமதிப்பதில்லை. சீலின் எண்ணைச் சரக்குப் பத்திரத்தில் எழுதி அனுப்புகிறார்கள். பெட்டியைப் பெறுகிறவர் முதலில் எண்ணை ஒத்துப் பார்க்கிறார், பிறகுதான் அறுக்கிறார். எண் இல்லையென்றால் என்ன ஆகும்? திருடன் ஒன்றை அறுத்துவிட்டு இன்னொன்றை மாட்டிவிட்டுப் போவான். யாருக்குத் தெரியப் போகிறது?

இது புதிய ஞானம் அல்ல. எல்லையில் வணிகரின் சரக்குக்கு முத்திரையிட்டு அனுப்ப வேண்டும், நகர வாயிலில் அதைச் சோதிக்க வேண்டும் என்று அர்த்த சாஸ்திரம் விதிக்கிறது. முத்திரை இல்லாத சரக்குக்குச் சுங்கத்தைப் போல இரு மடங்கு அபராதம். கள்ள முத்திரை இட்டிருந்தாலோ எட்டு மடங்கு! அந்தக் கணக்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். முத்திரை இல்லாத மூட்டை சந்தேகத்தை உண்டாக்கும். கள்ள முத்திரையோ சந்தேகத்தையே கொன்றுவிடும்.

நம் தெருவுக்கு வரும் தண்ணீர் கேன் விஷயம் என்ன? 20 லிட்டர் கேனின் வாயில் கண்ணாடி போன்ற ஒரு உறை. சூடு பட்டால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே இருப்பது சுத்திகரித்த தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்பதற்கு அந்த உறைதான் அத்தாட்சி. அதே உறை கடைத்தெருவில் கட்டுக் கட்டாக விலைக்குக் கிடைக்கிறது! யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வெந்நீர் ஊற்றிச் சுருக்கலாம். கௌடில்யர் இன்று இருந்தால் எந்த வீதியில் தொடங்கியிருப்பாரோ!

உயிர் போன கதையும் உண்டு. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில், டைலெனால் என்ற வலி மாத்திரையை விழுங்கிய 7 பேர் இறந்தார்கள். கடையில் இருந்த புட்டிகளில் எவனோ சயனைடு விஷத்தைக் கலந்து வைத்திருந்தான். கொலையாளி கடைசிவரை அகப்படவில்லை. சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. அதன் பிறகுதான் அந்நாட்டில் மருந்துப் புட்டிகளுக்குச் சீல் கட்டாயமாயிற்று.

யார் பதில் சொல்வது?

என் மனக்குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு மின்சார மீட்டரிலும் சீல் இருக்கிறது. அது அறுந்திருந்தால் கேள்வி யாருக்கு வரும்? வீட்டுக்காரருக்கு! மீட்டரைத் திருத்தி மின்சாரம் எடுத்தால் சிறை வரை போகலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்கிறது. சரி, நியாயம்தான். ஆனால் நாம் பணம் கொடுத்து வாங்கும் சிலிண்டரில் சீல் கழன்றிருந்தால், "அப்படித்தாம்மா வரும்" என்ற பதிலோடு தீர்ந்துவிடுகிறது! நம்மைக் கண்காணிக்கும் சீலுக்கு உள்ள மதிப்பு, நம்மைக் காக்கும் சீலுக்கு ஏன் இல்லை?

எங்கள் வீட்டுக்கு வந்த சிலிண்டரின் உறையில் எண்ணும் இல்லை, ஒன்றும் இல்லை. 2024ஆம் ஆண்டில் பாரத் பெட்ரோலியம் கம்பெனி, கைபேசியால் படிக்கக்கூடிய குறியீடு உள்ள சீலைக் கொண்டு வந்தது. நல்ல காரியம். எந்தக் கம்பெனி சிலிண்டரானாலும், எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும், எண்ணுள்ள சீல் வரவேண்டும். அந்த எண் ரசீதிலும் இருக்க வேண்டும். தண்ணீர் கேன் உறையும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் இல்லாமல் விற்பனைக்கு வரக்கூடாது. கைபேசி இல்லாத பாட்டிகூட இரண்டு எண்களை ஒத்துப் பார்த்துவிடுவாள்.

அன்று வந்த இரண்டாவது சிலிண்டரின் உறை இறுக்கமாகத்தான் இருந்தது. அத்தை அதையும் சும்மா விடவில்லை. "தராசு எங்கேப்பா?" என்றாள். வண்டியில் இருந்தது. கேட்டால்தான் வெளியே வரும் போலிருக்கிறது! காலி சிலிண்டரின் எடை 15.3 கிலோ என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. காஸ் 14.2 கிலோ. அத்தை விரல் விட்டுக் கூட்டினாள். பையன் தராசில் மாட்டித் தூக்கினான். 29.5 காட்டியது.

"இப்போ போடு கையெழுத்து" என்றாள்.