பெயிண்ட் அழகுக்கு இல்லை ஐயா!

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். அதற்கு நாலு நாள் முன்னால் பல ஃபாக்டரிகளில் ஒரே தின்னர் வாசனை. துரு மேலேயே ஒரு கோட்டிங், தரையில் பளபளவென்று மஞ்சள் கோடு, கேட்டில் புது போர்டு. பெரிய அதிகாரி வருவார், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார். அப்புறம் அடுத்த மார்ச்தான். இதற்குப் பெயர் பராமரிப்பாம்!

நான் பேங்க்காரன். கடன் வாங்கிய யூனிட்டுகளைப் பார்ப்பதற்காக குஜராத்தின் கெமிக்கல் எஸ்டேட்டுகளுக்குப் போய் வருகிறவன். "பி.காம் படித்த உனக்குப் பெயிண்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கலாம். பெயிண்ட் காசு எங்கே போகிறது என்று தெரியும் சாமி. லாப நஷ்டக் கணக்கில் 'ரிப்பேர்ஸ் அண்ட் மெயின்டனன்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். லாபம் குறைந்தால் முதல் வெட்டு அங்கேதான். மெஷின் நின்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். பெயிண்ட் போனால் ரெண்டு வருஷத்துக்கு யார் கண்ணுக்கும் படாது.

துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். சுரண்டாமல் மேலே பூசினால் உள்ளேயே ஊதி, பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒழுங்கான வேலை என்றால் முதலில் துருவை எடுக்க வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் எபாக்ஸி, வெயில் படும் இடத்தில் அதற்கும் மேலே பாலியூரித்தேன். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பிரஷ்ஷையே தொடக்கூடாது. பாதுகாப்பு தினத்துக்கு அவசர அவசரமாக அடிக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு?

அதைவிடப் பெரிய கோபம் வேறு. பைப்புகளுக்கு ஐ.எஸ். 2379 என்று ஒரு இந்தியத் தரநிலை இருக்கிறது. தண்ணீருக்குக் கடல் பச்சை. நீராவிக்கு அலுமினிய நிறம். காற்றுக்கு வான நீலம். ஆசிட், காரம் என்றால் ஊதா. கேஸ் என்றால் மஞ்சள். எழுத்தே தெரியாதவனுக்கும் புரிகிற பாஷை இது.

அந்த பாஷை யாருக்கு அதிகம் தேவை? ஒடிசா, பீகார், உ.பி. என்று எங்கெங்கிருந்தோ வந்து நிற்கிற கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு. அதில் நம்ம ஊர்ப் பையன்களும் உண்டு. போர்டோ குஜராத்தியில் இருக்கும். வந்த புதுசில் பஸ் போர்டு படிக்க நாமெல்லாம் பட்ட பாடு மறந்துவிட்டதா மக்களே? பஸ் மாறி ஏறினால் இறங்கித் திரும்பி வரலாம். வால்வை மாற்றித் திறந்தால்?

கேட்டால் ரெடியாக ஒரு பதில்: "பழைய ஆட்களுக்கு எல்லாம் தெரியும் சார்." பழைய ஆள் லீவில் போன ராத்திரி ஷிஃப்டுக்கு நேற்று சேர்ந்தவன்தானே வருவான்?

1948-ம் வருட ஃபாக்டரி சட்டத்தின் 11-வது பிரிவில், வெள்ளையடிப்பது என்றால் 14 மாதத்துக்கு ஒருமுறை, பெயிண்ட் என்றால் 5 வருடத்துக்கு ஒருமுறை, அடித்த தேதியை ரெஜிஸ்டரில் எழுது என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. சட்டம் மாறியதால் துருவின் குணம் மாறிவிட்டதா என்ன?

எங்கள் பேங்க் துறையையும் சும்மா விடுவதாக இல்லை. 'இங்குள்ள சரக்கு இன்ன பேங்க்குக்கு ஈடு' என்று ஃபாக்டரியில் ஒரு போர்டு மாட்டச் சொல்வோம். அந்த எழுத்து மங்கியிருந்தால் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட்டில் உடனே ஏறும். போர்டுக்குக் கீழே ஃபோர்க்லிஃப்ட் பாதையின் மஞ்சள் கோடு அழிந்து கிடந்தால் அதை எழுத நான் பார்த்த ஃபார்ம்களில் ஒரு காலம் கிடையாது. சரக்கு யாருடையது என்பது பளிச்சென்று தெரிய வேண்டும், ஆள் எங்கே நடக்க வேண்டும் என்பது தெரியாவிட்டால் பரவாயில்லை! என்ன நியாயம் ஐயா இது? அந்தக் காலத்தைச் சேர்க்க ஒரு பைசா செலவு உண்டா?

உங்கள் வீட்டில் ஃபாக்டரிக்குப் போகிற கணவரோ, தம்பியோ, மகனோ இருந்தால் இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் ரெண்டே கேள்வி கேளுங்கள். உங்கள் ஷெட்டில் ஆசிட் பைப் என்ன கலர்? லைட் மங்கலாக இருக்கும்போது அவசர வழியின் அம்புக்குறி தெரிகிறதா? பதில் சொல்ல யோசித்தால், நாளைக்கே சேஃப்டி ஆபீசரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மார்ச் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.