கடை விலாசமும் கம்ப்யூட்டர் விலாசமும்



நம் தந்தையார் காலத்து லெட்டர்பேடு வீட்டில் இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் கடையின் பெயர், அதன் கீழே 'மளிகை மொத்த வியாபாரம், கமிஷன் ஏஜெண்ட்' என்ற வரி, இடது மூலையில் போன் நம்பர், வலது மூலையில் 'தந்தி' என்று போட்டு ஒரே ஒரு சொல். எங்கள் கடையின் தந்தி விலாசம் 'சீரகம்'. என் தந்தையார் முதலில் 'மிளகு' என்றுதான் கேட்டாராம். அந்தச் சொல்லை வேறொரு கடைக்காரர் முன்பே பதிவு செய்துவிட்டதால் கிடைக்கவில்லை. ஓர் ஊரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான். அதைத் தபால் தந்தி இலாகாவில் பணம் கட்டிப் பதிய வேண்டும், கெடு முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். குண்டூரிலிருந்து மிளகாய் வத்தல் ரேட் தந்தி வந்தால் 'சீரகம், மதுரை' என்ற இரண்டே சொல்லில் கீழமாசி வீதியில் எங்கள் கடை வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். 2013 ஜூலையில் தந்தி சேவையே நின்றுபோயிற்று.

இந்தப் பழங்கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று 'வெப்சைட் அட்ரஸ்' என்று நாம் சொல்வது ஏறக்குறைய அந்தத் தந்தி விலாசம்தான். ஒரு பெயர் ஒருவருக்கு. பதிய வேண்டும், புதுப்பிக்க வேண்டும். தந்தி விலாசத்தை நம் பெரியவர்கள் தாங்களே ஆபீசுக்குப் போய், கையெழுத்துப் போட்டு, ரசீதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். நாமோ வெப்சைட் செய்து தருகிற பையனிடம் மொத்தத்தையும் விட்டுவிட்டு, 'நல்லா இருக்கு தம்பி' என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன்.

2015ல் ஒரு தம்பி எங்கள் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தார். முகவரியைத் தன் பெயரிலும், தன் ஈமெயிலிலும் பதிவு செய்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. அவரைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். வேலையை முடிக்கிற அவசரத்தில் அப்படிச் செய்திருப்பார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். 2019ல் கெடு முடிந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருடைய பழைய ஈமெயிலுக்குப் போயிருக்கும். எனக்கு விஷயம் தெரிய வந்தது தேனியிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தபோதுதான். "அண்ணாச்சி, தொழிலை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அந்த முகவரியை வேறு யாரோ வாங்கி, அதில் சீட்டாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். அதே முகவரியை அச்சடித்த மஞ்சள் பை ஐயாயிரம் அப்போது எங்கள் குடோனில் இருந்தது. பில் புக், விசிட்டிங் கார்டு, வேனின் இரு பக்கமும் எழுதிய எழுத்து எல்லாம் அதே முகவரி. அறுபது வருஷத்துக் கடைப் பெயரைச் சீட்டாட்டக்காரனுக்கு நானே விளம்பரம் செய்து கொடுத்த கதையாயிற்று. பைகளைக் கிழித்துச் சாக்குக்கு ஒட்டுப் போடக் கொடுத்தேன்.

ஆகவே என் முதல் கருத்து இதுதான். முகவரி கடையின் பெயரில், கடையின் ஈமெயிலில், முதலாளியின் செல்போன் நம்பரில் பதிவாகியிருக்க வேண்டும். வருஷத்துக்குப் பொதுவாகச் சில நூறு ரூபாய்ச் செலவுதான். ஒரே தடவையில் பத்து வருஷம் வரை கட்டி வைக்கலாம். லாரி வாடகையில் இதைவிட அதிகம் தினம் விட்டுவிடுகிறோம்.

பெயரைப் பதிந்தாயிற்று. அடுத்து, அந்தப் பெயருக்குப் பின்னால் எழுதுவது எப்படி என்பது. இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

1972 ஆகஸ்ட் 15ல் அஞ்சல் குறியீட்டு எண் வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் இருக்கிற பகுதி. 624 என்றால் திண்டுக்கல், 625 என்றால் மதுரை. கடைசி மூன்று இலக்கம் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். பெரியதிலிருந்து சிறியதுக்குப் படிப்படியாக இறங்கும் முறை. கடிதத்தைப் பிரிக்கிறவர் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்வார். இணைய முகவரியையும் அப்படித்தான் அமைக்க வேண்டும். முதலில் கடையின் பெயர், ஒரு சாய்கோடு, அதன் பின் ஊர், இன்னொரு சாய்கோடு, அதன் பின் சரக்கு. 'கடைப்பெயர் டாட் இன், சாய்கோடு, திண்டுக்கல், சாய்கோடு, மிளகாய் வத்தல்' என்றால் படிக்காத ஆளுக்கும் புரியும். எங்கள் பழைய வெப்சைட்டில் திண்டுக்கல் கிளையின் முகவரி எப்படி இருந்தது தெரியுமா? கேள்விக்குறி, ஐடி சமம் 47, அண்ட் குறி, கேட் சமம் 3. இதைப் போனில் ஒருவருக்கு எப்படிச் சொல்வது?

இதில் சில சின்ன விதிகள் உண்டு. இரண்டு சொல்லுக்கு நடுவே சிறு கோடு, அதாவது ஹைஃபன், போட வேண்டும். அடிக்கோடு போடக்கூடாது. கூகுள் கம்பெனியே தன் வழிகாட்டுதலில் ஹைஃபனைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் எல்லாம் சின்ன எழுத்தாக இருக்கட்டும். டாட் இன் வரைக்கும் பெரிய எழுத்தானாலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் சில கம்ப்யூட்டர்கள் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாக எடுத்துக்கொள்ளும். கடைப்பெயருக்குள்ளேயே ஹைஃபன் வைக்காமல் இருப்பது நல்லது, வாயால் சொல்லும்போது விட்டுப்போகும்.

கிளைகள் உள்ளவர்கள் ஒன்றை அவசியம் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பக்கம், தனி முகவரி வேண்டும். அந்தப் பக்கத்தில் அந்தக் கிளையின் தெரு, போன் நம்பர், திறக்கும் நேரம், அங்கே கிடைக்கும் சரக்கு ஆகியவை இருக்க வேண்டும். கூகுள் மேப்பில் அந்தக் கிளைக்கு நாம் வைத்திருக்கிற பதிவில், தலைமைக் கடையின் முகவரியைக் கொடுக்காமல் அந்தக் கிளைப் பக்கத்தின் முகவரியையே கொடுக்க வேண்டும். திண்டுக்கல்லில் நின்றுகொண்டு தேடுகிறவரை மதுரை வாசலில் கொண்டுவந்து விட்டால், அவர் திரும்பிப் போய் வேறு கடையைத்தான் பார்ப்பார்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பது நம் தமிழ்நாட்டுக்கென்றே உள்ள தலைவலி. தூத்துக்குடியா, ட்யூட்டிகோரினா? எழும்பூரா, எக்மோரா? எங்கள் தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் கீழமாசி வீதி என்று தேடுவார், வெளியூர் பார்ட்டி ஈஸ்ட் மாசி ஸ்ட்ரீட் என்று தேடுவார். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த ஒரு வாரத்துக்குள் போர்டை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! என் கருத்து என்னவென்றால், முகவரியில் ஒரே எழுத்துமுறையைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே வைத்திருக்க வேண்டும். ரயில்வே ஸ்டேஷன் போர்டில், ஜி.எஸ்.டி. சான்றிதழில், மேப் பதிவில் எது இருக்கிறதோ அது. மற்றப் பெயர்களைப் பக்கத்துக்குள்ளே எழுதிவிடலாம், தேடுகிறவருக்கு அதுவும் அகப்படும்.

அப்படியானால் தமிழிலேயே முகவரி வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். 'டாட் இந்தியா' என்று தமிழ் எழுத்திலேயே முகவரி உண்டு. சாய்கோட்டுக்குப் பின்னாலும் தமிழில் எழுதலாம். ஆனால் அதைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பல சமயம் சதவீதக் குறியும் எண்ணும் எழுத்துமாக அனுமார் வால் போல நீண்டுவிடுகிறது. 'மதுரை' என்ற ஒரு சொல் 45 குறிகளாகிறது. பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று பயந்து தொட மாட்டார். எனக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் கடைப் பலகை தமிழில்தான் இருக்கிறது, பக்கங்களும் தமிழில்தான் இருக்கின்றன. முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்னதால், முகவரியில் ஊரையும் சரக்கையும் போட்டுவிட்டால் கூகுளில் முதலாவதாக வந்துவிடலாம் என்று யாராவது கணக்குப் போட்டால் அது தவறு. சுற்று வட்டாரக் கடைகளை வரிசைப்படுத்துவதற்குப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்லியிருக்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. முகவரியில் உள்ள சொற்களுக்குக் கிடைக்கும் மதிப்பு மிகச் சிறிது. ஒரு காலத்தில் தேடும் சொல்லையே முகவரியாக வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே சரக்கில்லாமல் முன்னுக்கு வந்தவர்கள் இருந்தார்கள். 2012 செப்டம்பரில் கூகுள் அப்படிப்பட்ட தரமற்ற தளங்களைக் கீழே இறக்கிவிட்டது. இப்போதும் நம் நண்பர் ஒருவர், 'பெஸ்ட் சீப் மளிகை மொத்த விலை மதுரை' என்பதையெல்லாம் ஹைஃபன் போட்டு ஒரே முகவரியாக வைத்திருக்கிறார். அதோடு விடாமல், கடையே இல்லாத நாற்பது ஊர்களுக்கு நாற்பது பக்கம், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார். இப்படிச் செய்வதைக் கூகுள் தன் விதிகளில் தடுத்திருக்கிறது. விதியை விடுங்கள். உசிலம்பட்டியில் கடை இருக்கிறது என்று நம்பிப் பஸ் ஏறி வந்தவர் என்ன சொல்லித் திட்டுவார் என்று நண்பர் யோசித்தாரா தெரியவில்லை.

முகவரியை மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது. 2021ல் வெப்சைட்டைப் புதிதாக அழகு செய்தோம். செய்தவர் எல்லாப் பக்கத்தின் முகவரியையும் நல்ல முறையிலேயே மாற்றினார், ஆனால் பழைய முகவரிகளை அப்படியே விட்டுவிட்டார். பழையதைத் தட்டினால் 'பக்கம் இல்லை' என்று வந்தது. கூகுளில் இருந்ததும், வாடிக்கையாளர்கள் செல்போனில் சேமித்ததும் பழைய முகவரிகள்தானே? அந்த இரண்டு மாதம் திண்டுக்கல் கிளைக்குப் புது ஆள் போன் வருவதே அபூர்வமாகிவிட்டது. என் மருமகன்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். நாம் கடையை வேறு தெருவுக்கு மாற்றினால் பழைய கதவில் 'இன்ன இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று போர்டு மாட்டுகிறோம், தபால் ஆபீசிலும் எழுதிக் கொடுக்கிறோம். இதிலும் அதற்கு ஏற்பாடு உண்டு. 301 என்பது அதன் எண். வெப்சைட் செய்கிறவரிடம் '301 போட்டீர்களா' என்று கேட்டால் அவருக்குப் புரியும். குறைந்தது ஒரு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

விலைப்பட்டியல் வெளியிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகவரியில் தேதியோ வருஷமோ போடாதீர்கள். நாங்கள் வாரம் ஒரு புதுப் பக்கம், வாரம் ஒரு புது முகவரி என்று போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு சில்லறைக் கடைக்காரர் போன வருஷத்து வத்தல் ரேட்டைச் செல்போனில் காட்டி, "உங்க வெப்சைட்லதான் இருக்கு, இந்த ரேட்டுக்கு நாலு மூட்டை போடுங்க" என்று வந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை. பழைய பக்கம் இன்னும் உயிரோடு இருந்தது, தேடினால் அதுதான் முதலில் வந்தது. அரை மணி நேரம் பேசி, காப்பி வாங்கிக் கொடுத்து, பாதி நஷ்டத்தை நாங்கள் ஏற்றுக்கொண்டு அனுப்பினோம். இப்போது 'விலைப்பட்டியல்' என்று ஒரே முகவரி வைத்திருக்கிறோம். தேதி பக்கத்துக்குள்ளே இருக்கிறது, ரேட் மட்டும் தினம் மாறும்.

இலவசமாகக் கிடைக்கும்போது சொந்த முகவரி எதற்கு என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கூகுள் கம்பெனி சிறு கடைகளுக்கு இலவச வெப்சைட் கொடுத்துவந்தது. முகவரியின் கடைசியில் 'பிசினஸ் டாட் சைட்' என்று வரும். பல கடைக்காரர்கள் அதையே போர்டில் எழுதினார்கள். 2024 மார்ச்சில் அந்த சேவையை நிறுத்திவிட்டார்கள். ஜூன் 10 வரை மேப் பதிவுக்குத் திருப்பி விட்டார்கள், அதோடு சரி. இலவசம் கொடுத்தவர் நிறுத்தினால் கேட்க நமக்கு என்ன பாத்தியதை? பெரிய ஆப் கம்பெனிகளில் கடை போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அங்கே விற்பதை நான் தடுக்கவில்லை, விற்கட்டும். மஞ்சள் பையில் அச்சடிப்பது மட்டும் நம் சொந்த முகவரியாக இருக்கட்டும்.

நமது சங்கம் இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. உறுப்பினர் டைரக்டரிக்கான படிவத்தில் கடைப்பெயர், உரிமையாளர், போன், ஜி.எஸ்.டி. எண் என்று கேட்கிறோம். அதில் இன்னும் இரண்டு கட்டம் சேர்க்கலாம். 'வெப்சைட் முகவரி யார் பெயரில் பதிவாகியுள்ளது?' என்று ஒன்று, 'கெடு தேதி என்ன?' என்று மற்றொன்று. பதில் எழுதத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று நிர்வாகிகள் எண்ணிப் பார்த்தால் போதும், அவர்களைக் கூப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்துப் பதிவைச் சரி செய்து கொடுக்கலாம். படிவம் அச்சுக்குப் போகும் முன் இதைப் பரிசீலிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கடையில் அந்தத் தேதியை, உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், எடைக்கல் முத்திரை ஆகியவற்றின் கெடு தேதிகளோடு சேர்த்து, கல்லாவுக்கு மேலே உள்ள அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.