நாடக மேடையின் வேஷமும் வெளிச்சமும்

நாடகம் பார்த்துத் திரும்பும் ஒருவரை, எப்படி இருந்தது என்று வினவிப் பாருங்கள். நடிகரைப் பற்றிச் சொல்வார்; பாட்டைப் பற்றிச் சொல்வார்; வசனத்தில் குற்றமும் காண்பார். ஆனால் மேடையில் தொங்கிய படுதாவைப் பற்றியோ, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதைப் பற்றியோ, அரசன் தரித்திருந்த அங்கி எந்த நாட்டு அங்கி என்பதைப் பற்றியோ வாய் திறக்கமாட்டார். காதுக்கு நாம் கேட்கும் கணக்கைக் கண்ணுக்கு ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கணக்கை இன்று கொஞ்சம் பார்ப்போம். நமக்கு உவப்பானது எது, ஒவ்வாதது எது என்பதை ஒளிவு மறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். மாறுபடும் அன்பர்கள் மாறுபடட்டும்.

நம் நெஞ்சில் முதலிடம் தெருக்கூத்துக்கே உரியது. திருவண்ணாமலை, காஞ்சிபுரம், விழுப்புரம் பக்கங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்தைக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். அங்கே காட்சி ஜோடனை என்று ஒன்றுமில்லை. இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணிக்குப் பின்னால் சலங்கை ஒலிக்கிறது. கட்டியங்காரன் அரசனின் பெருமையைக் கூறுகிறான். துணிக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரிகிறது. அந்த ஒரு கணத்தில் சபையோர் மனத்தில் எழும் அஸ்தினாபுரத்தை எந்தச் சித்திரக்காரன் எழுதிக் காட்ட முடியும்?

அந்த வேஷத்தைக் கட்டிய மூளை சாமானியமானதன்று. கிரீடமும், புஜங்களில் கட்டும் அணிகளும், மார்பை மூடும் பதக்கமும் எடையற்ற மரத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றின்மீது வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடி எதற்கு? அந்தக் காலத்தில் வெளிச்சம் பந்தத்திலிருந்து வந்தது. பந்தத்தின் சுடர் ஒரு நிலையில் நில்லாது. சுடர் அசையும்போதெல்லாம் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் ஒரு தரம் மின்னும். தோளணியும் இடுப்பைச் சுற்றி விரியும் பாவாடையும் ஆளை இரு மடங்கு அகலமாக்கிவிட, அவர் சுழன்றாடும்போது நெருப்பே சுழல்வது போலிருக்கும். பகலெல்லாம் வயலில் பாடுபட்ட மனிதர் இரவில் துரியோதனனாக எழுந்து நிற்பதற்கு வேறு உபகரணம் தேவைப்படவில்லை. வெளிச்சத்தை அறிந்து வேஷமும், வேஷத்தை அறிந்து வெளிச்சமும் பிறந்திருக்கின்றன. இதைச் செய்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

பந்தம் போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதனால் பெரிய கேடு விளையவில்லை. அதன் பிறகு வந்ததுதான் குழல் விளக்கு. கூத்துக்களத்தின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டுத் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று அதைக் கட்டிவிடுகிறார்கள். நிழல் செத்துவிடுகிறது. கண்ணாடி மின்னுவதில்லை. மஞ்சள் சுடருக்கென்று தீட்டிய அரிதாரம் சுவரில் அப்பிய சுண்ணாம்பாய்த் தோன்றுகிறது. நமக்கு மிகவும் ஒவ்வாத மேடை வெளிச்சம் இதுவே. மறுபடியும் பந்தம் கொளுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை; பந்தலில் தீப்பற்றினால் யார் பொறுப்பு? களத்தின் இரு பக்கத்திலும் ஆளுயரத்தில் மஞ்சள் ஒளி தரும் விளக்குகளை நான்கைந்து வைத்தாலே போதும். குழல் விளக்கைவிட இதற்குப் பெருஞ்செலவு ஆகிவிடாது. விழா நடத்தும் பெரியவர்களிடம் எவரேனும் எடுத்துச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

பட்டணத்து மேடையின் கதை வேறு. பார்ஸி நாடகக் கம்பெனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டுக்குக் கொண்டுவந்த சீன் படுதா நமது கம்பெனிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் 1891-ல் சுகுண விலாச சபையை நிறுவிய காலத்தில் தெரு, அரண்மனை, காடு, சிறை என்று சில படுதாக்கள் கையில் இருந்தால் எந்த நாடகத்தையும் ஆடிவிடலாம் என்ற நிலை இருந்தது. படுதா எழுதிய சித்திரக்காரர்களை நாம் இகழமாட்டோம். நாடகக் கம்பெனியுடன் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிய கொண்டையராஜுவின் கைவண்ணம், பிறகு நாட்காட்டிப் படங்களாகத் தமிழர் வீடுதோறும் பூஜை அறையில் ஏறியதை யார் அறியார்? நமது குறை சித்திரத்தின்மீதன்று. அரிச்சந்திரனுக்கும் அதே அரண்மனை, ராஜராஜனுக்கும் அதே அரண்மனை! காற்றடித்தால் தூண்கள் நெளியும். மன்னர் கோபத்தில் கையை ஓங்கினால் மதில் ஆடும்.

உடுப்பு விஷயத்தில் நமக்குள்ள மனத்தாங்கல் இதைவிடப் பெரிது. வெல்வெட்டுச் சட்டை, ஜிகினா வேலை, சல்லடம், காலில் பூட்ஸ், தலையில் எந்த தேசத்தையும் சேராத தொப்பி: நமது சரித்திர நாடகங்களில் சோழ மன்னர்கள் நெடுங்காலம் இந்தக் கோலத்தில்தான் உலவினார்கள். பழைய உடை எப்படியிருந்தது என்று தெரியாது என்பது ஒரு காலத்தில் நியாயமான சமாதானமே. 1931-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், மேற்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் கால ஓவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்திய அன்றே அந்தச் சமாதானம் காலாவதியாகிவிட்டது. அந்தச் சுவரில் சட்டையற்ற மார்பும், மெல்லிய ஆடையும், எடுத்துக் கட்டிய கொண்டையும், அளவான ஆபரணங்களும் காணக்கிடக்கின்றன. சோழநாட்டு நடிகருக்குச் சோழநாட்டு உடை தஞ்சாவூரில் இருக்கிறது. போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்நியன் ஆட்சி 1947-ல் தொலைந்தது. நமது மேடை அரசர்களின் பூட்ஸ் அதன் பிறகும் கழன்றபாடில்லை.

கூத்தின் கிரீடமும் சரித்திரக் கிரீடமன்றே என்று ஒருவர் மடக்கலாம். மெய்தான். ஆனால் கூத்து தன்னைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வரலாற்று நாடகம் என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்கிறவரிடமே நாம் கேட்கிறோம்.

இனித் தந்திரக் காட்சிகள். கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்', நவாப் ராஜமாணிக்கத்தின் 'சம்பூர்ண ராமாயணம்', பின்னர் ஆர்.எஸ். மனோகரின் 'இலங்கேஸ்வரன்' ஆகியவை காட்சிப் பிரமாண்டத்தால் ஜனங்களைக் கட்டிப்போட்டவை. அவற்றின் பின்னிருந்த உழைப்பையும் ஒழுங்கையும் நாம் வணங்குகிறோம். ஏசுநாதர் சரித்திரத்தையும் ஐயப்பன் சரித்திரத்தையும் ஒரே கம்பெனியின் பிள்ளைகளைக்கொண்டு ஆடிக்காட்டிய நவாபின் நெஞ்சுரம் இக்காலத்தில் எத்தனை பேருக்கு உண்டு? இருந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். மறுநாள் காலையில் ஜனங்கள் பேசியது எதைப் பற்றி? மேடையில் நடந்த மாயத்தைப் பற்றி. பேச்சு கதைமாந்தருக்கு வந்து சேருமுன் காப்பி ஆறிவிடும். மனோகர் விஷயத்தில் இந்தக் குறையைச் சற்றுத் தளர்த்துவோம். இராவணன் என்ற பாத்திரமே பிரமாண்டத்தைக் கேட்பதுதான்.

இதற்கு எதிராக ஒரு மேடையை எண்ணிப் பாருங்கள். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் விசுவநாததாஸ் முருகனாக வருவார். மயிலும் வேலும்தான் ஜோடனை. அந்த முருகன் வாயிலிருந்து தேச விடுதலைப் பாட்டு வரும். கொட்டகைக்குள் போலீஸாரும் வருவார்கள். 1940 டிசம்பர் 31-ந் தேதி இரவு, சென்னையில், அந்த முருகன் வேஷத்திலேயே மேடையில் அவர் உயிர் பிரிந்தது. அந்த ஜோடனையை நம் விருப்பப் பட்டியலில் வைக்கக் காரணம் சொல்லவும் வேண்டுமோ?

எளிமையே போதும், விஞ்ஞானம் வேண்டாம் என்பது நம் கட்சியன்று. வங்காளத்தைப் பாருங்கள். 1954-ல் சம்பு மித்ராவின் பகுரூபி குழு தாகூரின் 'ரக்த கரபி'யை ஆடியபோது காலித் சௌதுரி அமைத்த மேடை இன்றும் பேசப்படுகிறது. 1959-ல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத் அரங்கேற்றிய 'அங்கார்' நாடகம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியது. சுரங்கத்துள் அகப்பட்டவர்கள் வெள்ளத்தில் மூழ்கும் இறுதிக் காட்சியைத் தபஸ் சென் வெறும் ஒளியால் செய்துகாட்டினார். மேடையில் ஒரு துளி நீரில்லை. ஆனால் நீர் ஏறுவதைச் சபை கண்டது. இதுவும் தந்திரமல்லவா என்பீர்கள். தந்திரந்தான், ஆனால் ஒளியை எடுத்துவிட்டால் தொழிலாளியின் சாவு காட்சிக்கே வராது. டெல்லியில் 1963-ல் அல்காஜி 'அந்தா யுக்'கைப் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளிலேயே ஆடச் செய்தார். பாரதப் போரின் கடைசி நாள் நாடகத்துக்கு இடிந்த கற்களைவிடப் பொருத்தமான சீன் ஏது?

இன்று நமது மேடைக்கு வந்திருப்பது எல்.இ.டி. திரை. படுதா இருந்த இடத்தில் கண்ணைப் பறிக்கும் சினிமா. நீர்வீழ்ச்சி ஓடுகிறது, மேகம் நகர்கிறது, முன்னே நிற்கும் நடிகர் கறுப்பு நிழலாகிப் போகிறார். பழைய படுதா பேசாமலாவது தொங்கியது. இது நடிகரோடு போட்டி போடுகிறது. சபாக்களின் நகைச்சுவை நாடகங்களுக்கோ ஒரு சோபா, ஒரு கதவு, ஒரு தொலைபேசி. அதைப் பற்றி எழுத மையை விரயம் செய்யவேண்டியதில்லை.

குறை கூறி முடித்தால் போதாது. அரசாங்கமும் நகரசபைகளும் கட்டும் கலையரங்குகளில் மேடைக்கு மேலே விளக்குத் தொங்கவிடக் கம்பிகள் உண்டா, ஒளியைக் கூட்டிக் குறைக்கக் கருவி உண்டா என்று திறப்பு விழாவுக்கு முன் நாடகக்காரர் ஒருவரை அழைத்துக் கேட்கட்டும். பல அரங்குகள் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்குமே ஏற்றவையாக நிற்கின்றன. வாடகை கட்டுகிற நாடகக் குழுவுக்கு ஆடும் நாளுக்கு முந்திய நாள் விளக்கு ஒத்திகைக்காகச் சில மணி நேரமாவது மேடையை இலவசமாக விடட்டும். கூத்துக்குக் கிரீடமும் புஜ அணியும் செதுக்கும் தச்சர்களுக்குப் பணி கொடுத்து, அவர்கள் பிள்ளைகள் அந்த உளியைப் பிடிக்க வழி செய்யட்டும். நாடகக் குழுக்களோ, நோட்டீஸில் தலைவர் பெயரும் முன்னிலை வகிப்பவர் பெயரும் பொன்னாடை போர்த்துபவர் பெயரும் அச்சிடுகிற இடத்தில், விளக்குப் போடுகிறவர் பெயரையும் உடை தைத்தவர் பெயரையும் சேர்த்து அச்சிடட்டும்.