சிறுநீர்க் கசிவு: வெட்கம் சிகிச்சைக்குத் தடையாகலாமா?

இருமினாலோ, தும்மினாலோ, குடம் தூக்கினாலோ சில துளி சிறுநீர் கசிந்துவிடும் தொல்லை, பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கு உண்டு. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் இதைக் கணவரிடம்கூடச் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் இருக்கிறார்கள். சஜ்தாவில் கசிந்துவிடுமோ என்று அஞ்சித் தொழுகையையே விட்டுவிடுபவர்களும் உண்டு.

தொழுகையை விட வேண்டியதில்லை. எப்போதாவது கசிந்தால், கழுவிவிட்டு மீண்டும் ஒளு செய்தால் போதும். ஓயாமல் கசிபவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் சுத்தம் செய்து, ஒளு செய்து தொழுதுகொள்ள மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஆனால் சலுகை இருக்கிறதே என்று நோயைச் சுமந்துகொண்டே இருக்க வேண்டுமா?

முதல் சிகிச்சை இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. முறையாகக் கற்று, மூன்று மாதங்களாவது செய்ய வேண்டும். அதில் குணமாகாதவர்களுக்கே ‘ஸ்லிங்’ அறுவை சிகிச்சை. சிறுநீர்க் குழாயின் அடியில் தொட்டில்போல் ஒரு பட்டையை வைத்துத் தாங்கச் செய்வார்கள். அது செயற்கை வலையாக இருக்கலாம். வயிற்றுச் சுவரிலிருந்து எடுத்த சொந்தத் திசுவாகவும் இருக்கலாம்.

பலன் எப்படி? அமெரிக்காவில் 597 பெண்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஆய்வில், வலை வைத்து ஓராண்டுக்குப் பின் 100 பேரில் ஏறத்தாழ 80 பேருக்குப் பரிசோதனையில் கசிவு இல்லை. சொந்தத் திசுவைப் பயன்படுத்திய 2007ஆம் ஆண்டு ஆய்வில், இரண்டு ஆண்டுகளில் 66 சதவீதம் வெற்றி. அளவுகோல்கள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

மறுபக்கமும் உண்டு. சிலருக்கு வலை உள்ளே அரித்து வெளியே தெரியும்; தீராத வலியும் தாம்பத்தியத்தில் வேதனையும் வரும். வலையை முழுதாக எடுப்பதும் கடினம். இதனால் இங்கிலாந்து 2018 ஜூலையில் இச்சிகிச்சையை நிறுத்தி வைத்தது. பெண்களின் முறையீட்டுக்குச் செவிசாய்க்கவில்லை என்று அங்குள்ள கம்பர்லெஜ் விசாரணைக் குழு 2020இல் கண்டித்தது. அமெரிக்கா 2019இல் விற்பனையை நிறுத்தச் சொன்னதோ, இடுப்பு உறுப்பு இறக்கத்துக்குப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. கசிவுக்கான ஸ்லிங்கை அல்ல.

ஆகவே மிரளவும் வேண்டாம், கேட்காமல் கையெழுத்திடவும் வேண்டாம். வைப்பது வலையா, சொந்தத் திசுவா? இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? சிக்கல் வந்தால் யார் பார்ப்பார்கள்? இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டுமா? இவற்றை மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மகப்பேறு, சிறுநீரகவியல் துறைகள் இருக்கின்றன. சந்தேகம் கேட்பதற்கு வெட்கத்தைத் தடையாக்காத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) பாராட்டியதை நம் சகோதரிகளும், அவர்களை அழைத்துச் செல்ல வேண்டிய கணவர்களும் நினைவில் கொள்ளட்டும்.