எண் போட்ட கப்பல்

நீடாமங்கலத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கூடம். கண்ணாடிப் பேழைக்குள் முழ நீளத்தில் ஒரு மரக்கப்பல். நெல்ஸனுடைய 'விக்டரி'யாம், 1765-ல் வெள்ளோட்டம் கண்டு 1805-ல் டிரபால்கரில் சண்டை போட்ட கப்பல். "நம்ம பையன் கட்டினது ஸார், எட்டு மாசம்!" என்றார். "கட்டினானா, ஒட்டினானா?" என்று கேட்டுவிட்டேன். அன்று காபி கொஞ்சம் ஆறித்தான் வந்தது.

சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். தீக்குச்சி கனத்துப் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்து, விலாவோடு வளைத்து, ஒடியாமல் ஒட்டப் பொறுமை வேண்டும். ஆனால் எந்தப் பலகை எங்கே என்று யோசித்தவன் வேறொருவன். துண்டு துண்டாய் வெட்டி, எண் போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டான். பையனுக்கு மிச்சம் பசைதான்.

அதைக்கூடப் பொறுப்பேன். ஏன் ஐயா எப்போதும் விக்டரி? யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழ் ஓடாவிகள் கட்டிய 'அன்னபூரணி'யை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கிப் பேரை மாற்றினார். 1938-ல் அது தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைத் தாண்டி, மாசசூஸெட்ஸில் குளோஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. கடையில் நான் கண்ட பெட்டிகளில் அந்தக் கப்பல் இல்லை. புகைப்படத்தைப் பார்த்து அளவு போட்டு, நாமே மரம் சீவவேண்டும். முதல் கப்பல் கோணலாகத்தான் வரும்.

வரட்டுமே! மூணாறு தலைப்பில் வாழைமட்டைக் கப்பல் விட்ட கூட்டத்தில் நானும் ஒருவன். பத்தில் எட்டு கவிழும். ஏன் கவிழ்ந்தது என்று பார்த்து, அடியில் கல்லைக் கட்டி மறுபடி விடுவோம்.

கிளம்பும்போது பையனைக் கேட்டேன், "உன் விக்டரி மிதக்குமாடா?"

"தெரியாது மாமா. தண்ணியிலே விடப்படாதாம்" என்றான்.