தொழில் அந்தஸ்து சுற்றுலாவுக்கு! தொழிலாளிக்கு?

"சாகசச் சுற்றுலா" என்று ஒரு புதுச் சரக்கு நம் செங்கற்பட்டுக் கடற்கரையில் வந்து இறங்கியிருக்கிறது. 2021-ல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி. 2023-ல் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி. 2025 ஜனவரியில் திருவிடந்தையில் ராட்சத பலூன் திருவிழா. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுபடி மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி. 2023-ல் மாநில சர்க்கார் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் சாகசத்துக்குத் தனி இடம். சுற்றுலாவுக்கே "தொழில் அந்தஸ்து" கொடுத்தாகிவிட்டது.

தொழில் அந்தஸ்து! நல்லது. தொழில் என்று ஒன்று இருந்தால் தொழிலாளி என்று ஒருவன் இருக்க வேண்டுமே. அவனுக்கு என்ன அந்தஸ்து?

எட்டு மணி நேரம் மிஷின் முன்னால் நின்றுவிட்டு வரும் மில் தோழர் கேட்கலாம்: "காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் பலகையில் ஏறி அலையில் சறுக்கினால் நமக்கென்ன?" நாற்று நடும் தாய்மார்கள் கேட்கலாம்: "கடலுக்கும் கழனிக்கும் என்ன சம்பந்தம்?" சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் கழனிகள் மனைகளாக மாறியபோது நடவுக்கூலி போயிற்று. அந்தக் கூலியை இழந்த வீட்டுப் பெண்கள் இன்று விடுதிகளில் அறை பெருக்குகிறார்கள், படுக்கை விரிப்பு துவைக்கிறார்கள். ஆண்கள் இரவுக் காவல் நிற்கிறார்கள். யாரிடம் வேலை என்று கேட்டால் காண்டிராக்டர் பெயரைச் சொல்கிறார்கள், முதலாளி பெயரே தெரியாது. ஆலைத் தொழிலாளி பல்லாண்டு போராடி ஒழிக்க முயன்ற அதே காண்டிராக்ட் முறைதான் கடற்கரையில் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு நிற்கிறது!

விளையாட்டின் மேல் நமக்குப் பகை இல்லை. உடைந்த மரத்துண்டை வயிற்றில் அணைத்துக்கொண்டு அலையில் சறுக்கி வளர்ந்தவர்கள் குப்பத்துப் பிள்ளைகள். அவர்களில் சிலர் இன்று போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள், வெளியூர்க்காரர்களுக்குக் கற்றும் கொடுக்கிறார்கள். 2025 ஆசியப் போட்டியில் ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் வென்றபோது நாமும் கை தட்டினோம். தட்டாமல் இருப்போமா?

ஆனால் ஒரு கேள்வி. பலகையில் பத்து நிமிஷம் அலை ஏறினால் சாகசம் என்கிறார்கள். அதற்குக் கட்டணம், கொடி, ஒலிபெருக்கி, பத்திரிகைப் படம். விடியற்காலை மூன்று மணிக்குக் கும்மிருட்டில் அதே அலைவாயைத் தாண்டி ஃபைபர் படகைச் செலுத்துகிறானே மீனவன், அதற்குப் பெயர் என்ன? வாடைக்காற்று எப்போது திரும்பும், வன்னி எது, தெண்டி எது என்று நீரோட்டத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறானே, அந்த அறிவுக்கு என்ன சம்பளம்? விளையாட வந்தவர் நீரில் சிக்கினால் முதலில் குதிப்பவனும் அவனேதான். குதித்தவன் திரும்பாவிட்டால் அவன் குடும்பத்துக்கு எந்த விடுதிக்காரர் பதில் சொல்வார்?

இதைவிடப் பெரிய பிரச்சினை மணல். கரை இல்லாமல் கடல் தொழில் இல்லை. படகு ஏற்ற, வலை காயப்போட, பழுது பார்க்க, மீன் உலர்த்த, எல்லாவற்றுக்கும் மணல் வேண்டும். பட்டா இல்லாத அந்தப் பொது மணலின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்தது. பிணங்களைப் புதைத்த ஈரம் காயுமுன்னே, 2005 மார்ச் 30-ல் வந்தது அரசாணை எண் 172. கரையிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு சேதமானவர்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் பெறுமான வீடு இலவசம். போகமாட்டேன் என்றால் சொந்தச் செலவில் பழுது பார்த்துக்கொள், சர்க்கார் உதவி கிடையாது. கடல் ஆபத்து, ஆகவே விலகிப் போ என்பது உபதேசம்.

சரி, கடல் ஆபத்து. 2019 ஜனவரியில் மத்திய சர்க்கார் வெளியிட்ட கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை என்ன சொல்கிறது? ஜன நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க வழி வைத்தது. சுற்றுலாவுக்கான தற்காலிகக் குடில்களும் உடை மாற்றும் அறைகளும் அலைக்கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் போதுமாம்! குப்பத்தானுக்கு 200 மீட்டரில் இருந்த ஆபத்து, கட்டணம் கொடுத்து வருபவருக்குப் 10 மீட்டரில் எப்படி மறைந்தது? கடல் ஆளைப் பார்த்து அடிக்குமா என்ன?

"உலகமே இப்படித்தான் முன்னேறுகிறது" என்பார்கள். உலகத்தையும் பார்த்துவிடுவோம். வடதுருவத்துக்கு அருகே நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் இருக்கின்றன. லாங்கியர்பியன் என்ற அந்த ஊரின் பெயரே, 1906-ல் அங்கே நிலக்கரிக் கம்பெனி தொடங்கிய லாங்கியர் என்ற அமெரிக்க முதலாளியின் பெயர்தான். அதே தீவுகளில் நியூ ஓலசுண்ட் சுரங்கத்தில் 1962-ல் வெடிவிபத்து. 21 தொழிலாளிகள் மாண்டார்கள். அதன் எதிரொலியாக அடுத்த ஆண்டு நார்வே மந்திரிசபையே கவிழ்ந்தது. 2025 ஜூனில் லாங்கியர்பியனின் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. கரி வெட்டிய ஊர் இன்று நாய் வண்டிச் சவாரியும் பனிமலை ஏற்றமும் விற்கிறது.

அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் 200 பேருக்கு மேல் ஏற்றிய சுற்றுலாக் கப்பல் போகக்கூடாது, குறிப்பிட்ட 43 இடங்களில் மட்டுமே கரை இறங்கலாம் என்று 2025 தொடக்கத்திலிருந்து சட்டம். வியாபாரத்துக்குக் கடிவாளம் போட முடியும் என்பதற்கு அது சாட்சி. மற்றொன்று கசப்பானது. அந்த ஊரின் ஓட்டல்களில் பெருக்கித் துடைப்பவர்களில் தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஜனங்கள் பலர். நார்வே பெருநிலத்தில் மூன்றாண்டு வசித்திராத அயல்நாட்டினருக்கு உள்ளாட்சி ஓட்டு கிடையாது என்று 2022-ல் விதி வந்தது. ஊரைத் துடைக்கும் கைக்கு ஊர் நிர்வாகத்தில் ஓட்டு இல்லை. நமக்கு ஓட்டு இருக்கிறது. கரையைப் பற்றி நம்மை யார் கேட்டார்கள்?

வேறு வழி உண்டா? உண்டு. துருவம் வரை போக வேண்டாம், வடநெம்மேலிக்குப் போனால் போதும். பாம்புத் தோல் விற்றுப் பிழைத்த இருளர்களின் தொழில், 1972-ன் வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அற்றுப்போயிற்று. 1978-ல் அவர்கள் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, சில வாரம் வைத்திருந்து நஞ்சு எடுத்து, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து உண்டாகிறது. வரப்பில் நாகத்தை மிதித்த விவசாயக் கூலி பிழைத்து எழுந்தால், அதில் ஒரு இருளனின் கை இருக்கலாம். நஞ்சு எடுப்பதைப் பார்க்க ஜனங்கள் டிக்கெட் வாங்குகிறார்கள். ஆபத்தான வேலை, பார்வையாளர் கூட்டம், இரண்டும் அங்கே உண்டு. ஆனால் வேலை தெரிந்தவர்களே சங்கத்தின் உறுப்பினர்கள். அங்கே எல்லாம் செழிப்பு என்று நாம் சொல்லவில்லை. பாம்பு பிடிக்க சர்க்கார் அனுமதி தாமதமாகும்போது உலை ஏறாத வீடுகள் உண்டு. என்றாலும் நம் மாவட்டத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைக்கப்பட்டார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அறிவு யாரிடம் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிகிறது, நம் அதிகாரிகளுக்குத்தான் தெரியவில்லை.

இருளர் செய்ததைக் குப்பம் ஏன் செய்யக்கூடாது? அலைச்சறுக்குக் கற்பிக்கும் உரிமத்தில் குப்பத்துக் கூட்டுறவுக்கு முதல் இடம் கொடு. உயிர்காக்கும் வேலைக்கு மாதச் சம்பளமும் காப்பீடும் கொடு. மழைக்காலத்தில் கடல் குமுறி ஆட்டம் நின்றாலும் கூலி நிற்கக்கூடாது. அறை பெருக்கும் பெண்ணின் பெயர் காண்டிராக்டரின் துண்டுக்காகிதத்தில் இல்லாமல் விடுதியின் சம்பளப் புத்தகத்தில் ஏறட்டும். படகுக் கரையை அளந்து கல் நடு. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பிள்ளைகுட்டியோடு கடல் பார்க்க வரும் மில் குடும்பத்துக்குக் காசு கேட்காத மணல் மிச்சம் இருக்கட்டும். இவை கோரிக்கைகள்.

கரையோர ஊராட்சிகளில் மே 1-ந் தேதி கிராம சபை கூடும். அன்றைக்குக் கடலுக்கோ கழனிக்கோ விடுதிக்கோ போகவேண்டாம், மொத்தமாகச் சபைக்குப் போங்கள். படகுக் கரை இங்கிருந்து இதுவரை என்று அடையாளம் சொல்லித் தீர்மானம் கொடுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடுங்கள்.