ஆலை மூடினால் வரைபடம் எங்கே போகிறது?

“ஜம்பர் போயிடுச்சு மேடம், நாலையும் மாத்திடுங்க.” காருக்கு அடியில் சத்தம் வருகிறது என்று எந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும் அநேகமாக இந்தத் தீர்ப்புதான். வண்டியை ஜாக்கியில் ஏற்றும் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். ஜிஎஸ்டி சாலையோரம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எனக்கும் அப்படியோர் எஸ்டிமேட் நீட்டினார்கள். நான்கு ஜம்பர் (ஷாக் அப்சார்பருக்கு ஒர்க்‌ஷாப் பெயர்), முன்பக்க ஸ்பிரிங் இரண்டு, கூலி தனி. சரி என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து நானே பார்த்தேன். சத்தம் மூன்று இடங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. மூன்றில் ஒன்றுகூட ஜம்பர் இல்லை.

என்னுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3. நாலு கதவு, 948 சிசி இன்ஜின். வண்டலூரில் செய்தது. அப்பா அந்த ஆலையின் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவர். பிறகு பழைய விலைக்கு ஒன்றை வாங்கி, சதுரங்கப்பட்டினம் வீட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் இரும்பை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். வேறு இடம் இல்லை. நான் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற பிறகு வண்டியைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு நட்டாகக் கழற்ற ஆரம்பித்தேன்.

இதைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எதிர்வீட்டுப் பையன் சிரிக்கிறான். அவனுக்குத் தெரியாத சொந்தம் ஒன்று உண்டு. 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், இரண்டு பேர் உட்காரும் அசல் ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி அதே மாதிரி முன் சஸ்பென்ஷனை மாட்டிச் செய்தது. இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே: இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி. போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த சோழவரம் பந்தயங்களிலும் ஹெரால்டுகள் ஓடியிருக்கின்றன. ஸ்பிட்ஃபயர் சொந்தம் என்னைக் காப்பாற்றிய கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் சத்தம்.

டிக்கியைக் காலி செய்யாமல் சஸ்பென்ஷனைச் சந்தேகப்படக் கூடாது. ஜாக்கி, ஸ்பானர் பை, ஸ்டெப்னி எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பாதி வண்டிகளின் ‘சஸ்பென்ஷன் கோளாறு’ அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் சத்தத்தை வகை பிரிக்கலாம். பொடிக்கல் பாதையில் மெதுவாகப் போகும்போது லொடலொடவென்றால், அதிகப் பாரம் தாங்காத ஏதோ ஓர் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஆன்டி ரோல் பாரின் லிங்க்கோ ஜம்பரின் மேல் புஷ்ஷோ. வேகத்தடையில் இறங்கும்போது ஒரே ‘டொம்’ என்றால் ஜம்பர் தளர்ந்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்ம் கடைசித் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கிறது. பிரேக்கை அழுத்தியதும் ‘டக்’ என்றால் ஆர்ம் புஷ். கிறீச்சிடுவது அநேகமாகக் காய்ந்த ரப்பர். எரிச்சலூட்டும், ஆளைக் கொல்லாது.

சோதிக்கும் சாலையும் முக்கியம். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தத் தகர டப்பாவும் பென்ஸ் மாதிரி போகும். அங்கே ஓட்டிக் காட்டி “சத்தம் போச்சு பாருங்க” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் வழியில் ஏதாவது ஒரு கிராமத்துத் தெருவுக்குள் திருப்புங்கள். வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் கணக்கு. நம் தெருக்களில் இருப்பது அவரவர் கைக்கு வந்த உயரம். கண்ணாடிகளை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டினால், அந்தப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பிவரும். மறுபக்கம் சுவர் வருமாறு திரும்ப ஒரு நடை. இடமா வலமா என்பது தெரிந்துவிடும்.

ஹெரால்டில் ஒரு சௌகரியம், பானெட்டோடு இரண்டு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாக எழுந்து நிற்கும். முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். என்னிடம் படித்த பையன் ஒருவன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் வண்டியின் மூலையை அழுத்தி ஆட்ட, நான் நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இணைப்பிலும் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்டேன். “டீச்சர், ஸ்டெதஸ்கோப் வாங்கித் தரட்டுமா?” என்றான். இடது பக்க லிங்க்கில் டிக் டிக் என்று விரலிலேயே உணர முடிந்தது. முதல் குற்றவாளி அது. இரண்டாவது, பானெட் மூடும்போது உட்காரும் ரப்பர் கூம்பு. காய்ந்து சுருங்கியதால், பக்கக் கொக்கியைப் போட்டாலும் பானெட் முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. ஒர்க்‌ஷாப்காரர் முன் ஸ்பிரிங் என்று எழுதியது இந்தக் கூம்பின் சத்தத்தைத்தான்.

சக்கரத்தைத் தூக்கிவிட்டு மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பிளே தெரியும். அப்போது ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும். பிளே மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் பால் ஜாயிண்ட் அல்லது ட்ரனியன். பக்கவாட்டில் ஆடினால் ஸ்டீயரிங் முனைகளைப் பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்ட் வையுங்கள், கழற்றிய சக்கரத்தையும் சேஸிஸுக்குக் கீழே தள்ளி வையுங்கள். காயில் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை வீட்டில் தொடவே வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் தாடை போய்விடும்.

ட்ரனியனைப் பற்றி இரண்டு வார்த்தை. சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனை மரையோடு ஒரு பித்தளைக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையில்தான் சுற்றும். அதற்கு ஊற்ற வேண்டியது 90 கியர் ஆயில். நம் ஊரில் வழக்கம் என்ன? கிரீஸ் கன்னை வைத்து அடி. கிரீஸ் இறுகிப்போய் மரைக்குள் போகாது, தண்ணீர் தேங்கும், துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். சதுரங்கப்பட்டினத்து உப்புக்காற்றில் பல வருடம் நின்ற வண்டிக்கு இது பயமுறுத்தல் இல்லை. அந்தத் தண்டுகளைத்தான் முதலில் கழற்றிப் பார்த்தேன். ‘கிரீஸ் வேண்டாம், எண்ணெய்’ என்பது எனக்குத் தெரிந்தது பழைய ஒர்க்‌ஷாப் மேனுவல் கையில் இருந்ததால். எந்த மெக்கானிக்கும் சொல்லவில்லை.

மூன்றாவது சத்தம் பின்பக்கம். சக்கரத் தண்டின் கீழே ஒரு நைலான் புஷ் தேய்ந்திருந்தது. பையன் வெர்னியரை எடுத்தான், அளந்தான், “கடைஞ்சிடலாம் டீச்சர்” என்றான். தேய்ந்த புஷ்ஷை அளந்தால் தேய்மானமும் சேர்ந்தல்லவா வரும்? அந்த அளவுக்குக் கடைந்தால் புதிய புஷ் பிறக்கும்போதே தளர்வாக இருக்கும். ஊரில் விற்கும் லோக்கல் புஷ்கள் பலவற்றின் கதை இதுதான். யாரோ ஒருவர் பழையதை அளந்திருப்பார். அதைப் பார்த்து இன்னொருவர். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. அசல் அளவு இல்லை.

எனக்கு அசல் கிடைத்தது. ஸ்பிட்ஃபயரை ஆசையாக வைத்திருப்பவர்கள் இங்கிலாந்தில் இன்னும் இருப்பதால், அந்த நைலான் புஷ்ஷும் ட்ரனியனும் லிங்க்கும் அங்கே இன்றும் விற்பனைக்குக் கிடைக்கின்றன. வண்டலூரில் செய்த காருக்கு உதிரிபாகம் கப்பலேறி வருகிறது. ரப்பர் புஷ்களையும் அப்படியே வரவழைத்து மாற்றினேன். வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்காமல், தரையில் இறக்கி, வண்டியின் பாரம் சக்கரத்தில் ஏறிய பிறகு இறுக்க வேண்டும் என்பதும் மேனுவல் சொன்னதுதான். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். புது புஷ் போட்டும் சத்தம் திரும்ப வருகிறது என்று புலம்புகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

எல்லா வண்டிக்கும் இப்படிச் சீமையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உறவினர் இருப்பதில்லை. என் குறை இங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் 1960-களின் நடுவிலேயே ஹெரால்டின் எல்லாப் பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டது. பின்னால் தனித்தனியாக ஆடும் ஆக்ஸிலை நம் மெக்கானிக்குகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பிடிக்கவில்லை என்று 1972-ல் சாதாரண ஆக்ஸிலோடு கேஸல் காரைக் கொண்டுவந்தது. இந்தச் சாலைகளுக்காக இங்கேயே யோசித்துச் செய்த மாற்றம் அது. 1988-ல் உற்பத்தி நின்றது. கடைசியாக அவர்கள் செய்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவர் எஸ்டி1 என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்தது. அதற்கான பயன்படுத்தாத உதிரிபாகக் கையிருப்பு முழுவதையும் 2006-ல் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. வியாபாரம், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால், அப்பா போன்றவர்கள் இங்கே பார்த்துக் கடைந்த, கேஸலுக்கென்றே வரைந்த வரைபடங்களைப் பாதுகாக்க வேண்டிய கடமை எந்தச் சட்டத்திலும் யாருக்கும் இல்லை.

பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. அதே ஜிஎஸ்டி சாலையில் வண்டலூருக்குச் சற்றுத் தெற்கே மறைமலை நகர். அங்கே ஐகானும் ஃபியஸ்டாவும் எக்கோஸ்போர்ட்டும் செய்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022-ல் கடைசி வண்டி வெளியே வந்தது. சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று சொன்னார்கள். ஏற்றுமதிக்காக ஆலையைத் திரும்பத் திறப்பதாக 2024-ல் சொன்னார்கள். நல்லது. ஆனாலும் ஒரு நிறுவனம் தன் விருப்பத்தால் கொடுப்பது வேறு, வாங்கியவர் உரிமையோடு கேட்பது வேறு. ஐகான், ஃபியஸ்டாவை இன்றும் தேடிப்பிடித்து வாங்கி, ஞாயிறு காலையில் மாமல்லபுரம் வரை ஓட்டிவரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுடைய புஷ் அளவுகள் யார் பொறுப்பு?

அரசு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விற்காமலும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் மேனுவலையும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குத் தராமலும் இருந்தது போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்றது. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு ஓர் இணையதளம் திறந்தது, வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. இரண்டுமே உயிரோடு இருக்கும் நிறுவனத்தை வைத்து யோசித்தவை. ஆலையை மூடிவிட்ட நிறுவனத்திடம் எந்த இணையதளத்தில் போய் மேனுவல் கேட்பது?

புத்தகத்துக்கு நாம் இதைச் செய்துவிட்டோம். 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். பதிப்பகம் மூடினாலும் புத்தகம் இருக்கும். காருக்கும் அப்படியே கேட்கிறேன். இந்தியாவில் ஒரு மாடலை விற்க அனுமதி வாங்கும்போதே அதன் ஒர்க்‌ஷாப் மேனுவல், எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அட்டவணை, தேயும் பாகங்களின் வரைபடம் மூன்றையும் ஓர் அரசு நிறுவனத்தில் வைத்துவிட வேண்டும். உற்பத்தி நிற்கும் நாளில் அவை ஐடிஐ-க்களுக்கும் சிறு பட்டறைகளுக்கும் திறக்கப்பட வேண்டும்.

வர்த்தக ரகசியம் என்பார்கள். இன்ஜின் கம்ப்யூட்டரின் நிரலை யாரும் கேட்கவில்லை. ஒரு புஷ்ஷுக்குத் தேவை உள்விட்டம், வெளிவிட்டம், நீளம், ரப்பரின் கடினம். இதில் என்ன ரகசியம்? போலிப் பாகங்கள் பெருகும் என்பது கொஞ்சம் நியாயமான பயம். பிரேக், ஸ்டீயரிங் பாகங்களை யார் வேண்டுமானாலும் கடையலாம் என்று நானும் சொல்ல மாட்டேன். தரச்சான்று பெற்றவர்களுக்கு மட்டும் அந்த வரைபடங்கள் போகட்டும். மற்றபடி போலிகள் இப்போதும் தாராளமாகக் கிடைக்கின்றன, தேய்ந்த பாகத்தை அளந்து செய்தவையாக.

இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம். ஓரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். மறைமலை நகர் வண்டிகளிலிருந்தே ஆரம்பிக்கலாம். வரைந்தவர்களில் பலர் இன்னும் இந்தப் பகுதியில்தான் குடியிருக்கிறார்கள். எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும்.